ஐந்து கிலோப் பிள்ளை

இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யலாம்தான். ஆனால் மொன்ட்ரியாலில் வீட்டுக்குள் கற்பூரம் கொளுத்தினால் முகட்டில் இருக்கிற புகைமணி அலறி, தீயணைப்புக்காரர் கோடரியோடு வந்து நிற்பார்கள். ஆகவே கொளுத்தாத கற்பூரத்தின்மேல் அடித்துச் சத்தியம். கொளுத்தாவிட்டாலும் கற்பூரம் கற்பூரம்தானே. மாவும் உப்பும் பிணமும் நடந்தபடியே நடந்தன. காற்றின் வேகத்தில் மட்டும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

சிவநேசம் மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் இருக்கிற விதவை. அவளுடைய புருஷன் கிருபானந்தன் ஒரு மாசி மாதக் காலையில் காரைச் சுற்றி மூடியிருந்த பனியை வாரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். வாரி முடித்த கார் பக்கத்து வீட்டுக்காரனுடையது என்பது பிரேதத்தைத் தூக்கிய பிறகுதான் தெரியவந்தது. பக்கத்து வீட்டுக்காரன் நன்றி சொல்லி ஒரு பூங்கொத்து அனுப்பினான். அன்றிலிருந்து சிவநேசம் லவாலில் ஒரு பாண் தொழிற்சாலையில் மா மூட்டைகளோடு மல்லுக்கட்டி, ஒரேயொரு மகன் பிருந்தனைப் படிப்பித்து ஆளாக்கினாள். ஆளானவன் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு பெட்டையைக் கண்டுபிடித்தான். எவெலின் என்று பெயர். குடும்பத்தோடு மோர்மன் வேதம், அமெரிக்காவில் முளைத்த ஒரு கிறிஸ்தவச் சபை. பிருந்தனும் அந்த வேதத்தில் முழுகி எழுந்து, தலை காயும் முன்னே வந்து தாயிடம் சொன்னான்.

“அம்மா, கலியாணம் லொங்குய்யில இருக்கிற எங்கட கோயில்லதான். ஆனா உங்களால உள்ளுக்கை வர ஏலாது.”

“ஏன்? செருப்பைக் கழட்டிப்போட்டு வாறன்.”

“செருப்பில்லை அம்மா. சபையில சேர்ந்தாக்கள் மட்டுந்தான் உள்ளுக்கை போகலாம். அதிலயும் பிஷப்பிட்டை அனுமதி அட்டை வாங்கினவை மட்டும்.”

“தாயுமோ?”

“தாயும்.”

“அப்ப வெளியில ஒரு கலியாணத்தை வையன்ரா.”

“வைக்கலாம். ஆனா அது சாகுமட்டுந்தான் செல்லும். உள்ளுக்கை நடக்கிறது செத்தாப்பிறகும் செல்லும். குடும்பமெல்லாம் எண்டெண்டைக்கும் ஒண்டா இருக்கலாம்.”

“ஆரின்ரை குடும்பம்?”

“உள்ளுக்கை நிக்கிற ஆக்கள்.”

சிவநேசம் கிழங்கு சீவுவதை நிறுத்தி யோசித்தாள். “அப்ப செத்தாப்பிறகு உனக்கு அம்மா எண்டு நிக்கப்போறது அந்தப் பெட்டையின்ரை தாய். எனக்கு மிஞ்சிறது ஆர், கொப்பரோ? அந்த மனுசனோட செத்தாப்பிறகுமோ?”

பிருந்தன் சீவின கிழங்கை எடுத்துக் கழுவத் தொடங்கினான். அவன் நல்ல பிள்ளை. பதில் இல்லாத இடத்தில் கைவேலை பார்ப்பான்.

மகனுடைய கலியாணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிவநேசத்துக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு வழி, சபையில் சேர்ந்து, ஒரு வருடம் ஒழுங்காக இருந்து, பிஷப்பிடம் அட்டை வாங்குவது. முருகனிடம் போய், ஒரு வருஷம் லீவு தாரும் என்று கேட்டாள். முருகன் மறுக்கவில்லை. இரண்டு பெண்சாதிக்காரர், வீட்டு நெருக்கடி என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அடுத்த ஞாயிறே வெள்ளை உடுப்புப் போட்டுச் சபைத் தொட்டியில் தலைகுப்புற முழுகி எழும்பினாள்.

முழுகியது சுகம். தேத்தண்ணிதான் கொன்றது. மோர்மன் வேதத்தில் தேத்தண்ணியும் கோப்பியும் கூடாது. யாழ்ப்பாணத்தாளுக்குத் தேத்தண்ணி கூடாதென்றால், மூச்சை மூக்கால் விடாமல் காதால் விடு என்று சொன்ன மாதிரி. தொழிற்சாலையில் பத்துமணி இடைவேளையில் வெறும் சுடுதண்ணீரில் சீனியைப் போட்டுக்கொண்டு, கூட வேலை செய்கிற நிரோஜாவுக்குப் பக்கத்தில் இருந்து அவளுடைய கோப்பையை முகர்ந்து முகர்ந்து குடித்தாள்.

“அக்கா, நீங்கள் சாமியை மாத்தினதைக்கூடச் சனம் மன்னிக்கும்,” என்றாள் நிரோஜா. “தேத்தண்ணியை விட்டனீங்கள் எண்டதை மட்டும் ஊரில ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ.”

“குடியடி, குடி. வாசம் வாறதுக்குத் தடையில்லை.”

சிவநேசம் முகர்ந்த வேகத்தில் நிரோஜாவின் தேத்தண்ணி நிறம் வெளிறி, கடைசியில் பச்சைத்தண்ணியாகிவிடும். நிரோஜாவே இதற்குச் சாட்சி.

அந்த வருடம் முழுவதும் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு லொங்குய்யில், எவெலினின் தாய் அக்னெஸின் பங்களா வீட்டில். அக்னெஸ் அல்பேர்ட்டாவில் பிறந்து இங்கே வந்து குடியேறியவள். உயரம், மெலிவு, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அது தரையில் விழுந்து உடைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லை எடுப்பாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே, கறுப்புச் சட்டை போட்ட ஒரு கிழவியின் படம் தொங்கியது. பல் வலியோடு பிறந்து பல் வலியோடு செத்த முகம். அதுதான் கிர்ஸ்டின். அக்னெஸின் பாட்டிக்குப் பாட்டி. நூற்றெழுபது வருடத்துக்கு முன்னால் கைவண்டில் இழுத்துக்கொண்டு சால்ட் லேக்குக்கு நடந்துபோன முன்னோடித் தாய். மோர்மன்காரருக்குள் அப்படியொரு தாய் வம்சத்தில் இருந்தால் அது நம்முடைய ஆட்களுக்கு நல்லூர்த் தேருக்கு வடம்பிடிக்கிற உரிமை இருந்த மாதிரி.

கிர்ஸ்டினின் கதை ஒவ்வொரு ஞாயிறும் சூப்போடு வரும். டென்மார்க்கில் ஒரு மீன்பிடிக் கிராமம். கதவைத் தட்டிய இரண்டு வேதக்காரர். பசுவை விற்றுக் கப்பலேறியது. அமெரிக்காவில் இறங்கினால் மாட்டுவண்டிலுக்குக் காசில்லை. ஈர மரத்தில் அவசரமாகச் செய்த கைவண்டில். வெயிலில் மரம் சுருங்க, சில்லு கழன்று கழன்று விழுந்தது. பாரம் கூடிற்று என்று தலையணை, பாத்திரம், புருஷனுடைய பிடில் எல்லாவற்றையும் வழியில் எறிந்தார்கள். மாப் பங்கீடு பாதியாகி, காலாகியது. ஆற்றைக் கடந்த அன்று புருஷன் வண்டிலின் கைப்பிடியைப் பிடித்தபடியே செத்துப்போனான். கைப்பிடியிலிருந்து விரலைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. பிறகு பனி. பிறகு பிள்ளைகள். சப்பாத்துத் தோலை அவித்துக் குடித்து, கறுத்துப்போன கால்விரல்களை அரிந்தெறிந்துவிட்டு, மிஞ்சிய ஒரு பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள்.

“போய்ச் சேர்ந்தாப்பிறகு?” என்று முதல் ஞாயிறே சிவநேசம் கேட்டாள்.

“ஒரு நல்ல மனிதர் அவளை மணமுடித்துக்கொண்டார்,” என்றாள் அக்னெஸ்.

சிவநேசம் மகன் பக்கம் திரும்பினாள். “எத்தினையாம் தாரமா எண்டு கேள்.”

“சூப் நல்லாயிருக்காம் எண்டு அம்மா சொல்லுறா,” என்று பிருந்தன் பிரெஞ்சில் மொழிபெயர்த்தான்.

நான்காம் தாரம், மற்ற மூன்று பேரும் உயிரோடு, அந்தக் காலத்து மோர்மன்காரர் வழக்கம். அது வேறு வழியால் தெரியவந்தது.

முதல் ஞாயிறு கிர்ஸ்டினின் மூன்று பிள்ளைகள் பனியில் செத்தார்கள். கார்த்திகையில் அது நாலாயிற்று. பாஸ்காப் பண்டிகைக்கு ஐந்து, பனியும் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறிவிட்டது. வைகாசியில் ஓநாய்கள் வந்து சேர்ந்தன. சிவநேசம் மறுக்கவில்லை. செத்த பிள்ளைகளை அவரவர் வசதிக்கேற்றபடி எண்ணிக்கொள்ளலாம். திருப்பி எண்ண அவர்கள் வரப்போவதில்லை.

ஒரு ஞாயிறு அக்னெஸ் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “பெற்ற பிள்ளையை வழியில் புதைத்துவிட்டு அடுத்த அடியை எடுத்து வைப்பதென்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா, சகோதரி? நான் சொல்கிறேன். கால் நகராது. நிலம் பிடித்து இழுக்கும்.”

பிருந்தன் தட்டைப் பார்த்தான். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தால் வெளிக்கிட்டு நடந்தபோது, சிவநேசத்தின் இடுப்பில் ஒரு பெட்டைக்குழந்தை இருந்தது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும்போது வயிற்றோட்டம் கண்டு முடிந்துபோயிற்று. துவாயால் சுற்றி, பின்வளவில் சிரட்டையாலும் கையாலும் கிண்டி, குழியில் தாட்டுவிட்டு மற்றவர்களோடு நடந்தாள். பிருந்தன் அதற்குப் பிறகு பிறந்தவன். அவனுக்கு இது தெரியும். ஒருமுறை கேட்டு, ஒருமுறை பதில் கிடைத்திருக்கிறது.

சிவநேசம் அக்னெஸ் சொன்னதைக் கடைசிவரை கவனமாகக் கேட்டுக்கொண்டாள். தெரியாத விஷயமில்லை. ஆனாலும் விளங்கப்படுத்துகிறவரை இடையில் மறிப்பது மரியாதையில்லை.

ஆடி மாதம் சபையில் கைவண்டில் நடை வந்தது. சில வருடத்துக்கு ஒருமுறை வருகிற வழக்கம் அது. இளம் பெடியள் பெட்டையளைப் பழைய காலத்து உடுப்பில், கைத்தொலைபேசியைப் பறித்து வைத்துக்கொண்டு, கைவண்டில் இழுக்கவிட்டு, முன்னோர் பட்ட பாட்டைக் காட்டுவார்கள். ஒவ்வொரு வண்டிலுக்கும் ஒரு பொய் அப்பா, ஒரு பொய் அம்மா. எல்லாவற்றுக்கும் அதிகாரி அக்னெஸ்.

“நீங்கள் ஒரு வண்டிலுக்கு அம்மாவாக வரவேண்டும்,” என்று அக்னெஸ் சொன்னாள். “எங்கள் குடும்பத்துக்குள் வருகிறவர் எங்கள் நடையை நடக்கத்தான் வேண்டும்.”

பிஷப் வின்சன்ட் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பிஷப் என்றால் அங்கே சம்பளத் தொழில் இல்லை. கார்ச் சில்லுகளுக்கு ரயர் விற்பதுதான் அவருடைய தொழில். சிவப்புக் கன்னம், நல்ல மனிதர், யார் கடைசியாகப் பேசினாரோ அவரோடு ஒத்துப்போகிறவர். “நடை நல்லபடி முடியட்டும், சகோதரி. அடுத்த ஞாயிறு அட்டையை எழுதிக் கையில் தந்துவிடுகிறேன்,” என்றார்.

கலியாணம் ஆவணியில். கணக்குச் சரியாக இருந்தது.

லொங்குய்க்கு அப்பால், சோளத்தோட்டக் கரையில் நடை தொடங்கியது. பாவாடை நிலத்தில் இழுபட, தலையில் நாடா கட்டிய தொப்பியோடு சிவநேசம் வண்டிலுக்கு முன்னால் நின்றாள். அன்றைக்கு இரத்தம் குடிக்கிற நுளம்பு அதிகம். இரண்டு நுளம்பு சேர்ந்து ஒரு பெடியனின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனதை எல்லாரும் கண்டார்கள். மூன்றாவது திரும்பி வந்து நாடாவையும் கேட்டது.

வண்டிலுக்கு ஒரு கைக்குழந்தையும் கொடுத்தார்கள். ஐந்து கிலோ மாப் பை. கடையில் விற்கிறபடியே, வாய் தைத்த கடதாசிப் பை. அதைச் சீலையால் சுற்றி, மேலே அக்னெஸ் தன் கையால் பின்னிய நீலக் கம்பளித் தொப்பி. பிள்ளையை நிலத்தில் வைக்கக்கூடாது, மாறி மாறித் தூக்கவேண்டும் என்று சட்டம். பெடியள் முதல் மைல்கட்டையிலேயே பிள்ளையை ஆளுக்காள் பந்து மாதிரி எறிந்து பிடித்தார்கள். சிவநேசம் பறித்துத் தன் இடுப்பில் வைத்தாள். இடுப்பு தன்பாட்டில் ஒரு பக்கம் சரிந்து இடம் விட்டது. பழைய இடுப்பு, அதற்குப் புத்தி கிடையாது.

மத்தியானம் ஒரு ஏற்றம் வந்தது. அங்கே ஆண்களையெல்லாம் அக்னெஸ் விலக்கினாள். முன்னோர் காலத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, பெண்களே தனியாக இழுத்தார்களாம். ஆகவே ஆண்கள் ஏற்றத்தின் இரண்டு கரையிலும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்க, பெண்கள் இழுக்கவேண்டும். ஆண்கள் நின்றார்கள். நின்று, பாட்டுப் பாடி, கண்ணீர் விட்டு அழுதார்கள். பிருந்தனும் அழுதான். அவர்கள் அழுத கண்ணீரில் ஏற்றம் சேறாகி, வண்டில் அச்சுவரைக்கும் புதைந்தது.

ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் வண்டிலையும் பிடித்தபடி சிவநேசம் மகனைக் கண்டாள். “டேய் தம்பி, அழுறதை நிப்பாட்டிப்போட்டு ஒரு கை பிடியன்ரா!”

“பிடிக்கக்கூடாதம்மா. சட்டமில்லை.”

“அப்ப அழுறதுக்கு மட்டும் சட்டமிருக்கோ?”

“ஓம், அதுக்கிருக்கு.”

பின்னேரம் ஒரு வெளியில் முகாம். பெரிய இரும்புப் பானையில் அக்னெஸ் காய்ச்சிய சூப்பு, ஆளுக்கு ஒரு கிண்ணம். கிண்ணத்தின் அடியில் எழுதியிருந்த கம்பனிப் பெயரை எல்லாரும் வாசிக்கக்கூடிய அளவுக்குத் தெளிந்த சூப்பு. முன்னோரின் பசியைப் பிள்ளைகள் உணரவேண்டும் என்றாள். சிவநேசத்தின் வண்டில் பெட்டை ஒருத்தி கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே கண் செருகிச் சரிந்தாள். மடியில் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தபோது, கண்ணைத் திறந்து, “மமோ, பசிக்குது,” என்றாள். மமோ என்றால் பிரெஞ்சில் அம்மா.

அந்த நேரம் பார்த்து அக்னெஸ் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வண்டில் வண்டிலாக வரத் தொடங்கினாள். ஒவ்வொரு வண்டிலுக்கு முன்னாலும் நின்று, விரலை நீட்டி, “உங்கள் பிள்ளை இறந்துவிட்டது,” என்றாள். ஒரு வண்டிலையும் விட்டுவைக்கவில்லை. அக்னெஸ் நீதியானவள். மற்றப் பொய் அம்மாக்கள் குழறி அழுதபடி பையைக் குழியில் வைத்து மண் போட்டு, தடியில் சிலுவை கட்டினார்கள். பெடியள் விக்கினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

சிவநேசத்தின் வண்டிலடியில் விரல் வந்து நின்றது. அக்னெஸுக்குப் பின்னால் எவெலினும் பிருந்தனும்.

“உங்கள் பிள்ளை இறந்துவிட்டது.”

சிவநேசம் பாண் தொழிற்சாலைப் பிரெஞ்சில் கேட்டாள்: “என்னத்தாலை செத்தது?”

இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அக்னெஸ் சால்வையை இழுத்துப் போர்த்தினாள். “பசியால்.”

சிவநேசம் இடுப்பில் இருந்த பையைப் பார்த்தாள். “பசியாலயோ? இது அஞ்சு கிலோ மா.”

“அம்மா,” என்றான் பிருந்தன் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒண்டும் கதையாமல் தாட்டுப்போட்டு வாங்கோ. அட்டையை நினையுங்கோ.”

“மாவைத் தாட்டுப்போடுறதோ? மாவுக்கு வரிசையில நிண்டு செத்த சனமடா நாங்கள்.”

“அழுங்கள்,” என்றாள் அக்னெஸ்.

“என்ன?”

“தாய் அழவேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு உணர்வு வரும்.”

சிவநேசம் முயன்று பார்த்தாள். வரவில்லை. கொடிகாமத்திலேயே வராதது இங்கே எங்கேயிருந்து வரும்? அக்னெஸ் மகள் பக்கம் திரும்பிச் சொன்னாள். மெல்லிய குரல்தான், ஆனால் அக்னெஸின் மெல்லிய குரல் மூன்று வண்டில் தூரம் போகும். “அவர்மேல் குற்றமில்லை, எவெலின். அந்த நாடுகளில் பிள்ளைகள் நிறையப் பிறக்கும், நிறையச் சாகும். அவர்களுக்கு அது பழகிவிடுகிறது.”

சொல்லிவிட்டு அடுத்த வண்டிலுக்குப் போனாள். எவெலின் போனாள். பிருந்தனும் போனான்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் கற்பூரம் தேவைப்படுகிறது.

சிவநேசம் பிள்ளையின் நீலத்தொப்பியைக் கழற்றி, மடித்து, பாவாடைப் பையில் வைத்தாள். பையின் வாயில் தைத்திருந்த நூலைப் பல்லால் கடித்தாள். சூப்புப் பானையைக் கவிழ்த்து, அதன் அகன்ற மூடியை நெருப்பில் போட்டாள். உப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது. அக்னெஸுக்குத் தெரியாமல் பாவாடை மடிப்பில் முடிந்து கொண்டுவந்த செத்தல் மிளகாயும் இருந்தது. பிசைந்தாள், தட்டினாள், போட்டாள், திருப்பினாள். முதல் ரொட்டி மயங்கி விழுந்த பெட்டைக்கு. அவள் அதைத் தின்றுவிட்டு எழும்பி, தனியாக வண்டிலைத் தூக்கித் தலைக்குமேல் வைத்துக் காட்டினாள்.

மணம் எழும்பியது. காற்று வடக்குப் பக்கம் அடித்தபடியால் ஆற்றைத் தாண்டி மொன்ட்ரியாலுக்கும் போனது. அன்று பின்னேரம் மஞ்சள் பாதை மெத்ரோ ரயிலில் லொங்குய்ப் பக்கம் வந்த சனம் ஏன் வந்தோமென்று தெரியாமலே வந்து, ஸ்டேஷனில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பிப் போனது. முகாமில் ஒவ்வொரு வண்டிலாக ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். ஐந்து கிலோ மாவில் முகாம் முழுவதும் சாப்பிட்டு, மிச்சத்தைக் கூடைகளில் அள்ளியது. ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்டதாக அவர்களுடைய வேதத்திலேயே அதற்கு முன்மாதிரி இருப்பதால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

பிஷப் வின்சன்ட் நான்கு ரொட்டி தின்றார். ஐந்தாவதைக் கடிக்கும்போது, “அற்புதம், சகோதரி! மா எங்கேயிருந்து?” என்று கேட்டார். ஒரு பெடியன் நிலத்தில் கிடந்த வெறுஞ்சீலையைக் காட்டினான். பிஷப்பின் தாடை நின்றது. துப்பினால் செத்த பிள்ளைக்கு அவமரியாதை, விழுங்கினால் அதைவிட. கொஞ்சம் யோசித்துவிட்டு விழுங்கினார்.

அப்போது அக்னெஸ் வந்தாள்.

“பிள்ளை எங்கே?”

எல்லாரும் மென்றார்கள். வாய் நிறைந்திருந்தது.

“கிர்ஸ்டினின் பிள்ளை அது!” அக்னெஸின் குரல் முதல்முறையாக உடைந்தது. “பசியில் செத்த பிள்ளை! அதைச் சுட்டுத் தின்றுவிட்டீர்கள்! இந்தப் பெண்… இந்தப் பெண்ணுக்குத் தாய் மனம் என்று ஒன்று…”

சிவநேசம் ரொட்டியைத் திருப்பிப்போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவள் பேசியது பிரெஞ்சுதான். ஆனால் பிருந்தனுடைய காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. “மடாம், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உங்கட கிர்ஸ்டினின்ரை கையில அண்டைக்கு ஒரு பை மா இருந்திருந்தா, அதைக் கிடங்கில போட்டு மூடிப்போட்டு அழுதிருப்பாவோ? சுட்டுக் குடுத்திருப்பா. ஒரு பிள்ளையும் செத்திராது. உங்களுக்கும் ஞாயிறு ஞாயிறு சொல்லக் கதை இருந்திராது.”

மூடியில் ரொட்டி வெடித்தது. பிறகு பின்வரிசையில் நின்ற ஒரு பெடியன் மெல்ல நழுவி, தன்னுடைய வண்டிலின் பிள்ளையைத் தாட்ட இடத்துக்குப் போய், சிலுவையைப் பிடுங்கிவிட்டு, அதே தடியால் கிண்டத் தொடங்கினான். அவனைப் பார்த்து அடுத்த வண்டில்காரர். கொஞ்ச நேரத்தில் எல்லாக் குழிகளும் திறந்தன. பிள்ளைகளை மண் தட்டித் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தார்கள்.

அக்னெஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். அன்றைக்கு அவள் வம்சத்தில் செத்த பிள்ளைகள் எல்லாரும் ஒரேயடியாக உயிர்த்தெழுந்துவிட்டார்கள். அப்படியொரு நட்டம் யாருக்கும் வரக்கூடாது.

மறு ஞாயிறு பிஷப் வின்சன்ட் சிவநேசத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம், சகோதரி. ரொட்டியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பயபக்தி போதாது என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்.” கடைசியாக அவரோடு பேசியது அக்னெஸ்.

“கலியாணம் ஆவணியில,” என்றாள் சிவநேசம்.

“தெரியும்,” என்றார் பிஷப், உண்மையான கவலையோடு. “அட்டை கொடுத்திருந்தால் நீங்கள் பார்த்திருக்கலாம்.”

கலியாணத்தைத் தள்ளி வைப்பதைப்பற்றி யாரும் பேசவில்லை. பிருந்தன் தாயைக் காரில் மொன்ட்ரியால்-நோருக்கு ஏற்றிவந்தான். பாலத்தைத் தாண்டி, ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்.

“ஒரு பை மாதானே அம்மா. தாட்டுப்போட்டு வந்திருக்கலாம்.”

சிவநேசம் இருக்கைப் பட்டியை நேராக்கினாள்.

“ஏற்கெனவே ஒண்டைத் தாட்டனீங்கள்தானே. பழக்கமில்லாத வேலையே?”

விளக்கு மாறியது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

“பச்சை விழுந்திட்டுது, எடு,” என்றாள் சிவநேசம்.

கலியாணத்தன்று காலையில் நிரோஜா தன் காரில் அவளை லொங்குய்க்கு ஏற்றிப்போனாள். சிவநேசம் கலியாணத்துக்கென்றே எடுத்து வைத்திருந்த மாம்பழக் கலர் காஞ்சிபுரம், தாலிக்கொடி போன கழுத்தில் ஒரு சங்கிலி, விதவையென்றும் பாராமல் தலை நிறையப் பூ. கோயில் வாசலில் எல்லாரும் அட்டையைக் காட்டிக்காட்டி உள்ளே போனார்கள். பிருந்தனும் போனான். திரும்பிப் பார்த்தான் என்று நிரோஜா சொல்கிறாள். அவள் நல்லவள், அப்படித்தான் சொல்லுவாள். பூப்பாத்திக்குப் பக்கத்தில் இருந்த நீள மரவாங்கில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

“ரயர் விக்கிறவன் உள்ளுக்கை, பெத்தவள் வெளியில,” என்றாள் நிரோஜா. “உந்தக் கோயிலை நான் என்ன எண்டு சொல்ல?”

“சொல்லாதை. பிள்ளையின்ரை கலியாணம் நடக்குது.”

நிரோஜா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். சிவநேசம் கையை நீட்டினாள். இம்முறை முகரவில்லை, குடித்தாள். இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணி. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த தொண்டை அது. பிளாஸ்கோடு சேர்த்து மூடியையும் விழுங்கப் பார்த்தது.

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையில் எவெலின், அவளுக்குப் பக்கத்தில் பிருந்தன், எல்லாரும் நித்தியத்துக்கும் சேர்ந்து வெளியே வந்தார்கள். அக்னெஸ் ஈரக் கண்ணோடு நேராக வாங்கடிக்கு வந்து சிவநேசத்தின் கையைப் பிடித்தாள்.

“எவ்வளவு அழகு! சொல்லில் வராது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.”

படம் எடுக்கிறவன் குடும்பத்தைக் கூப்பிட்டான். அக்னெஸ் போகும்போது, படத்தில் விழக்கூடாதென்று தன்னுடைய கைப்பையைச் சிவநேசத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். சிவநேசம் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, இது முடியட்டும், உங்களோட பேந்து ஒண்டு எடுப்பம்,” என்று பிருந்தன் படிக்கட்டிலிருந்து கூப்பிட்டுச் சொன்னான்.

“ஓம் தம்பி. பேந்து.”

பேந்து வெளிச்சம் போய்விட்டது.

இப்போதும் ஞாயிறுகளில் லொங்குய்ப் பங்களாவில் சூப்பும் கதையும் நடக்கின்றன. கிர்ஸ்டினுக்கு மறுபடியும் ஐந்து பிள்ளைகள் செத்துவிட்டார்கள். ஆறாவதை ஒரு பிறத்தியாள் சுட்டுத் தின்றாளாம். பிருந்தன் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். எவெலினுக்கு இது ஏழாம் மாதம். பிள்ளைக்குப் பெயர் கிர்ஸ்டின் என்று முடிவாகிவிட்டது. அடுத்த கைவண்டில் நடைக்குப் பிள்ளை செய்ய மா வாங்கவேண்டாம், மணல் நிரப்பலாம் என்று சபையில் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.

முகாம் முழுவதும் சுட்டுத் தின்று தீர்த்த அந்த ஐந்து கிலோ மாப் பை மொன்ட்ரியால்-நோரில், சிவநேசத்தின் குசினி அலுமாரிக்குள், நீலத்தொப்பி போட்டபடி, வாயில் தைத்த நூல் ஓரிழைகூட அறாமல் இருக்கிறது. இதற்கும் அதே கொளுத்தாத கற்பூரம்தான்.